அலைகளை நாமே கடப்போம்: ஊர் மூழ்கும்போது உரிமையை எழுதியவர்கள்

1.
புதுசா வர்ற பேஷன்ட்டிடம் நான் கேட்கும் முதல் கேள்வி "உடம்புக்கு என்ன?" இல்லைங்க. "எந்த ஊரு?" தான்.

ஊர் தெரிந்தால் பாதி விஷயம் தெரிந்துவிடும். என்ன தண்ணீர் குடிக்கிறார், என்ன வேலை பார்க்கிறார், வீட்டில் யார் கவனிப்பார்கள், அடுத்த வாரம் திரும்ப வர முடியுமா... எல்லாமே அந்த ஒரு பதிலில் இருக்கு.

இன்னைக்கு எழுதப் போவது, அந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல முடியாத நிலைக்குத் தள்ளப்பட்ட ஒரு ஊரைப் பற்றி. அவர்கள் யாரையும் எதிர்பார்க்காமல் என்ன செய்தார்கள், அதன் தொடர்ச்சி எப்படி ஹேக் நகரத்து நீதிமன்றம் வரை போனது என்பதைப் பற்றி. நீளமான இழை. பொறுமையா வாங்க.

2.
மேப்பில் ஆஸ்திரேலியாவுக்கு வடக்கே பாருங்க. பப்புவா நியூ கினி. அந்த நாட்டின் கிழக்குக் கோடியில் பூகன்வில் என்று ஒரு பெரிய தீவு. அங்கிருந்து வடகிழக்கே கடலில் 86 கிலோமீட்டர் போனால் வளையல் உடைந்து கிடப்பது போலச் சின்னச் சின்னத் தீவுகள்.

மேப்பில் கார்ட்டரெட் தீவுகள் என்று போட்டிருக்கும். 1767இல் அந்த வழியாகக் கப்பலில் போன பிலிப் கார்ட்டரெட் என்ற ஆங்கிலேயரின் பெயர் அது. அங்கே வாழ்கிற மக்கள் தங்கள் ஊரைச் சொல்லும் பெயர் துலூன். சுமார் 2,500 பேர். நிலம் தாய்வழியில் வரும். அம்மாவிடமிருந்து மகளுக்கு.

3.
இந்தத் தீவுகளின் அதிகபட்ச உயரம் கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ ஒன்றரை மீட்டர். நம்ம வீட்டுப் பன்னிரண்டு வயசுப் பிள்ளை உயரம். அவ்வளவுதான்.

சாப்பாடு மீன், தேங்காய், வாழை, சீமைப்பலா. அதோடு முக்கியமான மாவுச்சத்து, சேப்பங்கிழங்கு இனத்தைச் சேர்ந்த ஒரு பெரிய கிழங்கு. பவளத்தீவில் மழைத்தண்ணீர் மண்ணுக்குள் இறங்கி, கீழே இருக்கும் உப்புத்தண்ணீர் மேல் மெல்லிய படலமாக மிதக்கும். அந்த நல்ல தண்ணீர் எட்டும்வரை குழி தோண்டி, குழிக்குள் இந்தக் கிழங்கை நடுவார்கள். தலைமுறை தலைமுறையாகப் பெண்கள் பார்த்துவந்த குழிகள்.

4.
பெரிய ஓதம் வரும்போது கடல் ஊருக்குள் ஏறத் தொடங்கியது. வந்த தண்ணீர் வடிந்துவிடும். உப்பு வடியாது.

ஒருமுறை உப்பு இறங்கிய குழியில் கிழங்கு அழுகும். அடுத்த நடவும் சரியா வராது. வீடு அப்படியே நிற்கும், மரம் நிற்கும், போட்டோ எடுத்தால் சொர்க்கம் மாதிரி தெரியும். ஆனால் அடுப்பில் வைக்க ஒன்றும் இருக்காது. அரிசி ஏற்றிவரும் கப்பல் எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது. வரும்வரை மீனும் தேங்காயும்தான். வளர்கிற குழந்தைக்கு அது மட்டும் போதாது என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

"தீவு மூழ்குது" என்றதும் ஒரு நாள் மொத்தமா கடலுக்குள் போய்விடும் என்று நினைக்கிறோம். நடப்பது அப்படி இல்லைங்க. தீவு மூழ்குவதற்குப் பல வருஷம் முன்னாடியே சாப்பாடு மூழ்கிவிடும்.

5.
அவர்கள் சும்மா உட்காரவில்லை. ராட்சதச் சிப்பி ஓடுகளை அடுக்கித் தடுப்புச் சுவர் கட்டினார்கள். அலையாத்திக் கன்று நட்டார்கள். அலை எல்லாவற்றையும் அடித்துக்கொண்டு போனது. ஹூயேன் என்ற தீவைக் கடல் நடுவில் அறுத்து இரண்டாகவே ஆக்கிவிட்டது.

6.
இங்கே ஒரு நேர்மையான விஷயம் சொல்லிடறேன். "இது முழுக்கக் காலநிலை மாற்றமா?" என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்விதான். அந்தப் பகுதியில் பூமித்தட்டு அசைவு இருக்கு. எல் நினோ, லா நினா வருஷங்களில் கடல் மட்டம் ஏறி இறங்கும். பவளப்பாறைகளும் சேதமாகி இருந்தன.

சர்க்கரை நோயாளி காலில் ஆணி குத்திப் புண் ஆகிறது. விரலை எடுக்க வேண்டி வருகிறது. காரணம் ஆணியா, சர்க்கரையா? இரண்டும்தான். ஆனால் சர்க்கரை கட்டுப்பாட்டில் இருந்திருந்தால் அந்த ஆணிக் காயம் ஆறியிருக்கும். உயர்ந்துகொண்டே போகும் கடல் மட்டம் இங்கே அந்தச் சர்க்கரை. மற்றதெல்லாம் ஆணி.

ஊரில் ஆலை கிடையாது, கார் கிடையாது. அந்தச் சர்க்கரை ஏறியதில் இவர்கள் பங்கு ஒன்றுமே இல்லை.

7.
சரி, ஊரை விட்டுப் போகணும். இவர்களுக்குச் சட்டத்தில் என்ன பெயர்?

"அகதி" என்று சொல்லிவிடுவோம். 1951 அகதிகள் ஒப்பந்தத்தை எடுத்துப் பாருங்க. இனம், மதம், தேசியம், குறிப்பிட்ட சமூகக் குழுவைச் சேர்ந்திருப்பது, அரசியல் கருத்து. இந்த ஐந்தில் ஒன்றுக்காகத் துன்புறுத்தப்படுவோம் என்ற நியாயமான அச்சம் வேண்டும். நாட்டு எல்லையும் தாண்டியிருக்க வேண்டும். கடல் துரத்தினால் அந்தப் பட்டியலில் இடம் இல்லை. துலூன் மக்கள் எல்லையும் தாண்டப் போவதில்லை, தங்கள் நாட்டுக்குள்ளேயே இன்னொரு தீவுக்குத்தான் போகிறார்கள்.

உள்நாட்டில் இடம்பெயர்ந்தோருக்கு 1998இல் ஐநா வழிகாட்டு நெறிகள் வந்தன. நல்ல ஆவணம். ஆனால் அது ஒப்பந்தம் கிடையாது, எந்த அரசையும் நேரடியாகக் கட்டாது.

8.
மருத்துவத்தில் இது எங்களுக்குப் பழகிய பிரச்சினை. நோய்க்குப் புத்தகத்தில் பெயர் இல்லை என்றால் காப்பீட்டுப் படிவத்தில் நிரப்ப இடம் இருக்காது. நோயாளி கண் முன்னால் துடிப்பார், ஃபைல் நகராது.

2005ஐ ஒட்டி உலகப் பத்திரிகைகள் இவர்களை "உலகின் முதல் காலநிலை அகதிகள்" என்று எழுதின. கேமராக்கள் வந்தன. பட்டம் கிடைத்தது. அந்தப் பட்டத்தோடு சட்டப்படி ஒரு உரிமையும் வரவில்லை.

9.
இவர்களை இடம் மாற்ற அரசு அதற்கு முன்பே ஒருமுறை முயன்றது. 1980களில், சில குடும்பங்களைப் பூகன்வில்லில் குவேரியா என்ற இடத்துக்கு அழைத்துப்போய்க் குடியமர்த்தினார்கள்.

அங்கே என்ன நடந்தது? பூகன்வில்லில் பங்குனா என்ற மிகப் பெரிய செப்புச் சுரங்கம். நிலமும் ஆறும் பாழாகி, லாபம் வெளியே போனதில் உள்ளூர் மக்கள் கொதித்துப்போயிருந்தார்கள். 1988 கடைசியில் அது ஆயுதப் போராட்டமாக வெடித்தது. பத்து வருஷ உள்நாட்டுப் போர். ஆயிரக்கணக்கானோர் செத்தார்கள். அரசு தீவையே முற்றுகை இட்டது, மருந்து உள்ளே போகவில்லை.

குடியேறிய குடும்பங்கள் மீண்டும் படகேறித் தங்கள் பவளத்தீவுக்கே திரும்பின. நிலத்துக்காக ரத்தம் சிந்திக்கொண்டிருக்கும் ஊரில் புதுசா வந்து நிலம் கேட்டு உட்கார முடியுமா?

10.
ரத்தம் ஏற்றுவதற்கு முன்னாடி கிராஸ் மேட்ச் பார்ப்போம், கேள்விப்பட்டிருப்பீங்க. கொடுப்பவர் ரத்தமும் வாங்குபவர் ரத்தமும் ஒத்துப்போகுதா என்று கலந்து பார்ப்பது. அவசரத்தில் அதை விட்டுவிட்டால், உயிர் காக்க ஏற்றிய ரத்தமே உயிரை எடுத்துவிடும்.

அரசுகள் மக்களை இடம் மாற்றும்போது லாரியைப் பார்ப்பார்கள், வீட்டு மனையைப் பார்ப்பார்கள். கிராஸ் மேட்ச் பார்ப்பதில்லை. போகிற ஊரில் ஏற்கெனவே மனுஷங்க இருக்காங்களே, அவர்கள் என்ன நினைக்கிறார்கள் என்று யாரும் கேட்பதில்லை.

11.
2006இல் துலூன் தீவுகளின் மூத்தோர் சபை கூடி ஒரு முடிவு எடுத்தது. அரசு வரும்வரை காத்திருப்பதில்லை. நம்ம ஊர் மாறுவதை நாமே நடத்துவோம்.

அதற்காக ஒரு அமைப்பு தொடங்கினார்கள். பெயர் துலேலே பெய்சா. அவர்கள் பேசும் ஹாலியா மொழியில் "அலைகளை நாமே கடப்போம்" என்று பொருள் வரும். பொறுப்பு ஏற்க, அந்தத் தீவில் பிறந்து வெளியே வேலை பார்த்துக்கொண்டிருந்த ஊர்சுலா ரகோவா என்ற பெண்ணை அழைத்தார்கள். நிலம் பெண்வழி வரும் சமூகத்தில் நிலம் தேடும் பொறுப்பு ஒரு பெண்ணிடம் வந்தது.

12.
2007இல் பப்புவா நியூ கினி அரசு இடமாற்றத்துக்காக 20 லட்சம் கினா ஒதுக்குவதாகச் சொன்னது. கினா என்பது அவர்கள் நாணயம். செய்தி உலகம் முழுக்க வந்தது. ஆனால் ஒதுக்கீடு என்பது தாளில் இருப்பது, கிழங்குக் குழி தீவில் இருப்பது. ரெண்டுக்கும் நடுவில் எத்தனை அலுவலகம் என்று நமக்குத் தெரியாதா என்ன?

பணத்தைவிடப் பெரிய சிக்கல் நிலம். அந்த நாட்டில் நிலத்தின் மிகப் பெரும்பகுதி குலங்களுக்கும் வம்சங்களுக்கும் பொதுவான மரபு நிலம். அரசு நினைத்தால்கூட "இந்தா பட்டா" என்று எடுத்துக் கொடுக்க முடியாது.

13.
துலேலே பெய்சா கத்தோலிக்கத் திருச்சபையிடம் போனது. காலனிக் காலத்தில் தேவாலயத்தின் கைக்கு வந்து, கைவிடப்பட்டுக் கிடந்த தோட்ட நிலங்கள் பூகன்வில்லில் இருந்தன. மறைமாவட்டம் அவற்றில் சில இடங்களைக் கொடுக்கச் சம்மதித்தது. முதல் இடம் டின்புட்ஸ்.

நிலம் கிடைத்தாச்சு, போய் வீடு கட்டலாம் என்று கிளம்பியிருந்தால் அது இன்னொரு குவேரியா ஆகியிருக்கும். அவர்கள் கிளம்பவில்லை. முதலில் கிராஸ் மேட்ச் பார்த்தார்கள்.

14.
எப்படி? ரொம்ப எளிமையா.

தீவின் இளைஞர்களும் மூத்தவர்களும் குழுவாகப் பூகன்வில் கிராமங்களுக்குப் போனார்கள். "எங்க ஊர்ல இதுதான் நடக்குது, நாங்க உங்க பக்கத்துல வந்து வாழலாமா?" என்று ஊர் ஊராக உட்கார்ந்து பேசினார்கள். போர் முடிந்து சில வருஷமே ஆகியிருந்த ஊர்கள் அவை. உறவை இழக்காத குடும்பம் அரிது. அந்தத் துக்கத்தையும் இவர்கள் கேட்டார்கள். பிறகு அந்த ஊர்த் தலைவர்கள் தீவுக்கு வந்து உப்பேறிய குழிகளைத் தங்கள் கண்ணாலேயே பார்த்தார்கள்.

இந்தப் பயணத்தை வைத்து எடுத்த "சன் கம் அப்" என்ற ஆவணப்படம் 2011 ஆஸ்கரில் குறும் ஆவணப்படப் பிரிவில் பரிந்துரையானது. வாய்ப்பு கிடைத்தால் பாருங்க. நிலம் கேட்டு வந்தவர்களும் நிலம் வைத்திருப்பவர்களும் ஒருத்தரை ஒருத்தர் தயங்கித் தயங்கிப் பார்ப்பது அதில் இருக்கு.

15.
2009இல் முதலில் ஐந்து தகப்பன்மார்கள் டின்புட்ஸுக்குப் போனார்கள். காடு வெட்டி, தோட்டம் போட்டு, வீடு கட்டி, அறுவடை கைக்கு வரும் நிலையில் குடும்பத்தை அழைப்பது திட்டம். முதல் நாளே பிள்ளைகள் பட்டினி கிடக்கக் கூடாது என்ற கணக்கு.

எல்லாம் நல்லபடியா முடிந்ததா? இல்லை. போனவர்களில் சிலர் தீவுக்கே திரும்பிவிட்டார்கள். கடலோடு பிறந்து வளர்ந்தவரைக் காட்டுக்குள் கொண்டுபோய் விட்டால் ராத்திரி தூக்கமே வராது. அலைச் சத்தம் இல்லை. மீன் இல்லை. மண்வெட்டி வேலை பழக்கம் இல்லை.

இதை நான் தோல்வியாக எழுதவில்லை. திரும்பிப் போக முடிந்தது என்பதே முக்கியம். லாரியில் ஏற்றிக் கொண்டுவந்து விட்டிருந்தால் அந்தக் கதவே இருந்திருக்காது.

16.
அதிலிருந்து கற்றுக்கொண்டு வேலையைத் தொடர்ந்தார்கள். ஒரு குடும்பத்துக்குச் சுமார் ஒரு ஹெக்டேர், அதாவது இரண்டரை ஏக்கர் நிலம். பாதி சாப்பாட்டுக்கு, பாதி கோகோ பயிருக்கு. சாக்லேட் செய்கிற அதே கோகோதான். கையில் காசு வரும் வழி இல்லாமல் வீடு மட்டும் கொடுத்தால், அந்த வீடு கொஞ்ச நாளில் பூட்டிக் கிடக்கும் என்பது அவர்களுக்குத் தெரிந்திருந்தது.

பள்ளி, சுகாதார நிலையம் மேம்பட்டால் அது குடியேறியவர்களுக்கு மட்டும் இல்லாமல் ஏற்கெனவே அங்கு வாழ்பவர்களுக்கும் சேர்த்துத்தான் என்று திட்டத்திலேயே வைத்தார்கள். "வந்தவனுக்கு மட்டும் எல்லாம், எங்களுக்கு ஒண்ணுமில்லையா?" என்ற கேள்வி எழும் இடத்தில் சண்டை தொடங்கும். அந்தக் கேள்வி எழாமல் பார்த்துக்கொள்வதும் ஒரு தடுப்பூசிதான்.

17.
பழைய ஊரோடு தொப்புள்கொடியையும் வெட்டவில்லை. தீவைச் சுற்றிய கடல் தங்களுடையதாகவே இருக்க வேண்டும், போய் மீன் பிடிக்கலாம், முன்னோர் கல்லறையைப் பார்க்கலாம் என்பதும் திட்டத்தில் ஒரு பகுதி. டின்புட்ஸ் தோட்டத்தில் விளைந்த கிழங்கும் வாழையும் படகேறித் தீவில் இருப்பவர்களுக்குப் போனது.

"நான் வரலைப்பா, இங்கேயே செத்துப்போறேன்" என்ற பெரியவர்கள் தீவில் நிறைய பேர். அவர்களை யாரும் வற்புறுத்தவில்லை. போவதற்கும் உரிமை, இருப்பதற்கும் உரிமை. என்னிடம் ஆபரேஷன் வேண்டாம் என்று சொல்லும் நோயாளிக்கும் வைத்தியம் பார்க்கத்தானே செய்கிறேன்?

18.
இப்ப கணக்கைப் பார்ப்போம். பூசி மெழுகாமல் சொல்றேன்.

2014இல் துலேலே பெய்சாவுக்கு ஐநா வளர்ச்சித் திட்டத்தின் ஈக்குவேட்டர் பரிசு கிடைத்தது. ஆனால் பத்து வருஷ உழைப்புக்குப் பிறகும் டின்புட்ஸில் வீடும் நிலமும் கிடைத்தவை பத்துக் குடும்பங்களை ஒட்டித்தான். தீவில் இன்னும் ஆயிரக்கணக்கானோர். பணம் சொட்டுச் சொட்டாகத்தான் வந்தது. ஒரு ஊரே சேர்ந்தாலும் ஒரு அரசின் வேலையை முழுசா செய்ய முடியாது.

அப்படியானால் இந்தக் கதையை ஏன் சொல்றேன்? இவர்கள் செய்ததன் மதிப்பு புரிய, நேர் எதிராக நடந்த இன்னொரு கதையைப் பார்க்கணும். அதற்குப் பணக்கார நாட்டுக்குப் போவோம்.

19.
அமெரிக்காவின் லூயிசியானா மாநிலம். சதுப்பு நிலத்துக்கு நடுவில் ஐல் டி ஜான் சார்ல்ஸ் என்ற தீவு. 1830களில் பூர்வகுடிகளை அரசு அவர்கள் நிலத்திலிருந்து துரத்தியபோது தப்பி வந்தவர்களின் வம்சம் அங்கே வாழ்ந்தது. ஒருமுறை துரத்தப்பட்டு ஒளிந்த இடம் அது.

1955க்குப் பிறகு அந்தத் தீவு தன் நிலத்தில் 98 சதவீதத்தை இழந்தது. ஆற்றுக்குக் கட்டிய கரைகள் வண்டலை வரவிடவில்லை, எண்ணெய் நிறுவனங்களுக்காக வெட்டிய கால்வாய்கள் வழியே உப்புத்தண்ணீர் புகுந்தது, புயல்கள் வந்தன, கடலும் உயர்ந்தது. மறுபடியும் ஆணியும் சர்க்கரையும்.

20.
அந்த மக்களும் பல வருஷமாக "எல்லோரும் ஒரே இடத்துக்கு, ஒரு சமூகமாகவே போவோம்" என்று தாங்களே திட்டம் போட்டார்கள். அதன் அடிப்படையில் 2016இல் மத்திய அரசு 4.8 கோடி டாலர் ஒதுக்கியது. துலூன் மக்கள் கனவிலும் பார்க்காத பணம்.

ஆனால் பணம் வந்தது மாநில அரசின் கைக்கு. கொஞ்சம் கொஞ்சமாகத் திட்டம் மாறியது. "எங்கள் திட்டம் எங்கள் கையைவிட்டுப் போய்விட்டது" என்று பழங்குடித் தலைமை வெளிப்படையாகவே எதிர்த்தது. 2022 ஆகஸ்டில் முதல் குடும்பங்கள் சுமார் 64 கிலோமீட்டர் உள்ளே புது வீடுகளுக்குப் போனார்கள். 2023 கடைசியில், தங்களைப் புறக்கணித்ததாக மத்திய அரசிடம் அந்தப் பழங்குடி முறைப்படி புகார் கொடுத்தது.

துலூனில் முடிவெடுக்கும் உரிமை இருந்தது, பணம் இல்லை. இங்கே பணம் இருந்தது, முடிவெடுக்கும் உரிமை இல்லை. இரண்டும் ஒரே கையில் சேரணும் என்பதுதான் இந்தப் போராட்டங்களின் சாரமே.

21.
அமெரிக்காவின் இன்னொரு கோடி, அலாஸ்கா. கிவலினா என்ற சின்ன ஊர். சுமார் 400 இனுபியாட் பூர்வகுடிகள். இவர்கள் பருவத்துக்கு ஏற்ப இடம் மாறி வேட்டையாடியவர்கள். 1905இல் அரசு அந்த மணல் திட்டில் ஒரு பள்ளிக்கூடத்தைக் கட்டி அங்கேயே நிலையாகத் தங்க வைத்தது. இப்போது கரையைக் காத்த கடல் பனி சுருங்க, அலை நேராக வந்து திட்டை அரிக்கிறது.

2008இல் இந்தக் குட்டி ஊர் எக்ஸான்மொபில் உள்ளிட்ட 24 எரிசக்தி நிறுவனங்கள் மேல் வழக்குப் போட்டது. இடம் மாறும் செலவைக் கொடுங்கள் என்று கேட்டது. "இது நீதிமன்றம் முடிவு செய்யும் விஷயம் இல்லை" என்று 2009இல் தள்ளுபடி. மேல்முறையீடும் 2012இல் தோல்வி.

22.
தோற்றவர்கள் வீட்டுக்குப் போய்த் தூங்கவில்லை. ஒருவரை ஒருவர் தேடிக் கண்டுபிடித்தார்கள்.

2018இல் அலாஸ்காவின் கிர்ட்வுட் என்ற ஊரில், பசிபிக் தீவுகள், லூயிசியானா, அலாஸ்கா என்று பல இடங்களின் பூர்வகுடிப் பிரதிநிதிகள் கூடினார்கள். ஒருவர் ஊரில் பனி உருகுகிறது, இன்னொருவர் ஊரில் உப்பு ஏறுகிறது. பேசிப் பார்த்தால் அலுவலகங்களில் கேட்ட பதில் எல்லோருக்கும் ஒன்றுதான்.

2020 ஜனவரியில் லூயிசியானாவின் நான்கு பழங்குடிகளும் கிவலினாவும் சேர்ந்து, அமெரிக்க அரசு தங்கள் மனித உரிமையைக் காக்கவில்லை என்று ஐநா சிறப்பு அறிக்கையாளர்களிடம் முறையிட்டார்கள். ஆறாயிரம் கிலோமீட்டர் தள்ளி வாழ்பவர்கள் ஒரே மனுவில் கையெழுத்து.

23.
அதே 2020 ஜனவரியில் இன்னொரு கதவு லேசாகத் திறந்தது.

கிரிபாட்டி என்ற பசிபிக் நாட்டைச் சேர்ந்தவர் இயோவானே டெய்ட்டியோட்டா. 2007இல் நியூசிலாந்து போனவர். விசா முடிந்தபின், "என் நாட்டில் கடல் ஏறுகிறது, குடிக்கத் தண்ணீர் இல்லை, என்னைத் திருப்பி அனுப்பாதீர்கள்" என்று கேட்டார். எல்லா நீதிமன்றமும் மறுத்தது. 2015இல் திருப்பி அனுப்பப்பட்டார். அவர் ஐநா மனித உரிமைக் குழுவிடம் போனார்.

அங்கேயும் தோற்றார். ஆபத்து வர இன்னும் 10 முதல் 15 வருஷம் இருக்கிறது, அதற்குள் நடவடிக்கை எடுக்கலாம் என்றது குழு. ஆனால் அதே முடிவில் ஒரு கொள்கையை ஏற்றுக்கொண்டது. காலநிலை மாற்றத்தால் உயிருக்கே ஆபத்து வரும் இடத்துக்கு ஒருவரைத் திருப்பி அனுப்புவது, உயிர்வாழும் உரிமையை மீறுவதாக ஆகலாம். அவருக்குப் பலன் இல்லை. அவருக்குப் பின்னால் வருபவர்களுக்குப் பிடித்துக்கொள்ள ஒரு கயிறு கிடைத்தது.

24.
2019. வனுவாட்டு நாட்டில் தெற்கு பசிபிக் பல்கலைக்கழகத்தின் சட்ட வகுப்பு. 27 மாணவர்கள் கூடி ஒரு யோசனை வைத்தார்கள். உலகின் மிகப் பெரிய நீதிமன்றத்திடமே கேட்போம்: காலநிலை விஷயத்தில் நாடுகளுக்குச் சட்டப்படி என்ன கடமை? மீறினால் என்ன விளைவு?

யோசித்துப் பாருங்க. கல்லூரிப் பசங்க. அவர்களால் நேரடியாகக் கேட்கவும் முடியாது, ஐநா பொதுச்சபை கேட்கணும். தீவு நாடுகளின் அரசுகளுக்குக் கடிதம் எழுதினார்கள். வனுவாட்டு அரசு கையில் எடுத்தது. 2023 மார்ச் 29இல், 132 நாடுகள் இணைந்து முன்வைத்த தீர்மானம் பொதுச்சபையில் ஒருமனதாக நிறைவேறியது.

25.
2024 டிசம்பரில் ஹேக் நகரில் இரண்டு வாரம் விசாரணை. 96 நாடுகள் வந்து பேசின. தீவு மக்களின் சாட்சியங்களும் அந்த அரங்குக்கு வந்தன. அதே உப்பு, அதே கிழங்கு, அதே கல்லறைகள்.

2025 ஜூலை 23. சர்வதேச நீதிமன்றம் ஒருமனதாகக் கருத்துச் சொன்னது. காலநிலையைக் காப்பது நாடுகளின் சட்டக் கடமை. மீறினால் இழப்பீடு உட்பட விளைவுகள் உண்டு. உயிருக்கு ஈடுசெய்ய முடியாத ஆபத்து உண்மையிலேயே இருக்கும் இடத்துக்கு, காலநிலையால் இடம்பெயர்ந்தவரைத் திருப்பி அனுப்பக் கூடாது. நிலப்பரப்பு கடலுக்குள் போனாலே ஒரு நாடு நாடு என்ற தகுதியை இழந்துவிடும் என்று சொல்லிவிட முடியாது.

தோற்றுப்போன டெய்ட்டியோட்டா பிடித்த கயிறு இந்தக் கருத்தில் வந்து முடிச்சுப் போட்டது.

26.
"இனி எல்லாம் சரியாயிடுமா டாக்டர்?" ஆகாதுங்க. இது ஆலோசனைக் கருத்து. எந்த நாட்டையும் நேரடியாகக் கட்டுப்படுத்தாது. துலூனில் ஒரு கிழங்குக் குழியிலிருந்து உப்பை எடுக்காது.

ஆனால் நோய்க்குப் பெயர் வந்துவிட்டது. பெயர் வந்தால் படிவத்தில் இடம் வரும். நாளைக்கு ஏதோ ஒரு நாட்டில் ஏதோ ஒரு நீதிபதி முன்னால் ஒரு வழக்கறிஞர் இதைக் காட்டி வாதாட முடியும். பெயரைக் கொடுத்தது வல்லரசுகள் இல்லை. உப்புத்தண்ணீரில் நின்றவர்களும் அவர்கள் பிள்ளைகளும்.

27.
ரொம்ப தூரத்துக் கதை என்று தோணுதா? ஒடிசாவின் கேந்திரபாரா மாவட்டத்தில் சதபாயா என்று ஒரு பகுதி. ஏழு ஊர் சேர்ந்த கடற்கரை. கடல் ஒவ்வொன்றாக விழுங்கியது. மிச்சம் இருந்த 500க்கும் மேற்பட்ட குடும்பங்களை மாநில அரசு 2018ஐ ஒட்டி பகபாட்டியா என்ற புதிய குடியிருப்புக்கு மாற்றியது. அரசே முன்வந்து செய்தது நல்ல விஷயம், மறுக்கவே இல்லை.

வீட்டு மனை கொடுத்தார்கள். உழுவதற்கு நிலம் கொடுக்கவில்லை. ஆண்கள் கேரளா மாதிரி இடங்களுக்குக் கூலி வேலைக்குப் போனார்கள். துலேலே பெய்சா அந்த இரண்டரை ஏக்கரில் ஏன் பிடிவாதமாக இருந்தது என்று இப்போ புரியுதா?

28.
இனி எங்கேயாவது "மக்கள் பாதுகாப்பான இடத்துக்கு மாற்றப்பட்டனர்" என்று செய்தி படித்தால், இந்த ஐந்து கேள்விகளைக் கேட்டுப் பாருங்க.

• எப்போது, எங்கே போவது என்று முடிவு செய்தது யார்?
• போகிற ஊரில் ஏற்கெனவே இருப்பவர்களிடம் பேசினார்களா?
• வீட்டோடு பிழைப்பும் கிடைத்ததா?
• வர மறுத்தவருக்கு என்ன ஏற்பாடு?
• பழைய ஊருக்கும் கடலுக்கும் போய்வர உரிமை இருக்கிறதா?

ஐந்துக்கும் பதில் "தெரியாது" என்றால் நடந்தது மறுவாழ்வு இல்லை. இடமாற்றம் மட்டும்தான்.

29.
தொடக்கத்தில் சொன்ன கேள்விக்கு வர்றேன். "எந்த ஊரு?"

டின்புட்ஸில் பிறந்த ஒரு குழந்தையிடம் பத்து வருஷம் கழித்து ஒரு டாக்டர் இதைக் கேட்டால் என்ன பதில் வரும்? டின்புட்ஸ் என்று சொல்லலாம். துலூன் என்று சொல்லலாம். இரண்டையும் சேர்த்துச் சொல்லலாம். எதைச் சொன்னாலும் அது அந்தப் பிள்ளை சொல்கிற பதிலாக இருக்கணும். அரசாங்க ஃபைல் சொல்கிற பதிலாக இருக்கக் கூடாது. அந்த மூத்தோர் சபை 2006இல் கூடி உட்கார்ந்தது அதற்காகத்தான்.

பயனுள்ளதாக இருந்தால் நாலு பேருக்கு அனுப்புங்க. உங்க ஊரிலோ பக்கத்து ஊரிலோ கடலோ ஆறோ தள்ளி இடம் மாறியவர்கள் இருந்தால், அந்த ஐந்து கேள்விக்கு அவர்கள் சொல்லும் பதிலைக் கீழே எழுதுங்க. நான் படிக்கிறேன்.